நுரையீரலின் தழும்பும் குடலின் சுவரும்

2011 வரை ராயபுரத்தில் மொட்டை மாடியில் வடகம் காயப்போட்டவர்கள், எடுக்கும்போது ஒருமுறை ஊதிவிட்டுத்தான் டப்பாவில் போட்டார்கள். கூப்பிடு தூரத்தில் சென்னைத் துறைமுகம். அங்கே நிலக்கரியும் இரும்புத் தாதும் திறந்தவெளியில் குவிந்து கிடந்தன. கடற்காற்று திரும்பினால் கரி கறுப்பாகவும் தாது செம்பழுப்பாகவும் வந்து கொடித்துணியில் உட்காரும். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. 2011 அக்டோபர் முதல் அந்தத் தூசுச் சரக்குகளை அங்கே இறக்குவது நின்றது. அவை போன இடம் எண்ணூர்.

எண்ணூருக்குத் தூசு புதிதில்லை. அங்கே அனல் மின் நிலையம் 1970-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. 1994-இல் வட சென்னை அனல் மின் நிலையம் வந்தது, பிறகு வல்லூர் வந்தது. அனல் மின் உலைகளுக்குக் கரி இறக்குவதற்காகவே 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. இந்திய நிலக்கரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எரியாத சாம்பல். அந்தச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் உடையும் இடமெல்லாம் கொசஸ்தலையாற்றின் கழிமுகம் வெளுத்துப் போகிறது. காட்டுக்குப்பத்து மீனவர்கள் இறால் தேடிக் கை விட்ட சேற்றில் சாம்பல் படிந்து கிடப்பது பல ஆண்டுகளாகச் செய்தித்தாள்களில் வந்துகொண்டிருக்கிற சங்கதி. இதோடு மணலியின் எண்ணெய், உர ஆலைகளையும், எண்ணூர் நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் சொன்னால் எவரும் அடுத்துக் கேட்பது நுரையீரலைப் பற்றித்தான். அது நியாயமான கேள்வி. ஆனால் இந்த அத்தியாயம் அதற்கு ஒன்றரை அடி கீழே நடப்பதைப் பற்றியது. நாள்பட்ட நுரையீரல் தழும்பு குடலின் கட்டமைப்பையே மாற்றுகிறது. அது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. திருவொற்றியூர்த் தேரடியில் நடந்து போகிற எல்லோருக்கும் நுரையீரலில் தழும்பு விழுந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. தெருத்தூசு ஆஸ்துமாவைக் கிளப்பும், நாள்பட்ட மூச்சடைப்பை மோசமாக்கும், இதயத்தையும் பாதிக்கும். நுரையீரல் திசு இறுகித் தழும்பாவது வேறு கணக்கு. வட சென்னையில் அதற்கு இரண்டு பெரிய வாசல்கள் இருக்கின்றன. ஒன்று தொழில். வார்ப்படப் பட்டறை, கல் அறுப்பு, துருவையும் பழைய பெயின்ட்டையும் மணல் பீய்ச்சி உரிக்கும் வேலை என்று சிலிகாத் தூசு பறக்கும் இடங்களில் பத்து, இருபது ஆண்டுகள் உழைத்தவர்களுக்கு வருவது. இன்னொன்று, அதைவிடப் பெரியது, டிபி. மருந்து முடிந்து கிருமி ஒழிந்த பிறகும் அது விட்டுச்செல்லும் வடு உயிர் உள்ளவரை நெஞ்சில் இருக்கும். இவை போக இன்னும் சில காரணங்கள் உண்டு. இந்தியாவின் 27 மருத்துவ மையங்கள் சேர்ந்து நுரையீரல் திசு நோயாளிகள் 1,084 பேரைப் பதிவுசெய்து 2017-இல் வெளியிட்ட கணக்கில், ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் வந்தது ஒவ்வாமையால். பறவை எச்சம், பூஞ்சை பிடித்த ஏர் கூலர் போன்றவற்றின் வேலை அது. காரணமே தெரியாத வகையும் ஒன்று உண்டு. வாசல் எதுவானாலும் உள்ளே நடக்கும் கதை ஏறக்குறைய ஒன்றுதான். காயம் ஆறும்போது நார்ச்செல்கள் கொலாஜனை நெய்கின்றன. காயம் ஆறிய பிறகும் நெசவு நிற்பதில்லை.

இனி குடலுக்கு வருவோம். மூக்கில் ஏறிய தூசு கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது? நுரையீரலுக்கு என்பது பாதிப் பதில். மூச்சுக்குழாயின் உட்சுவர் முழுக்க நுண்மயிர்கள். அவை ஓயாமல் மேல்நோக்கித் துடித்து, தூசு ஒட்டிய சளியைத் தொண்டை வரை ஏற்றிவிடுகின்றன. அங்கிருந்து அதை நாம் விழுங்கிவிடுகிறோம். சளியை விழுங்காதே என்று பிள்ளைகளை அதட்டுகிறோம். ஆனால் பகலும் இரவும் நாம் எல்லோரும் செய்துகொண்டிருப்பது அதைத்தான். உள்ளிழுக்கும் தூசில் பெரிய துகள்களில் கணிசமானவை முடிவில் வயிற்றுக்குத்தான் போகின்றன. கனடா ஆய்வாளர்கள் நகரத் தூசை வாய்வழியே எலிகளுக்குக் கொடுத்து 2013-இல் வெளியிட்ட சோதனையில் குடலில் அழற்சி தோன்றியது, குடல் சுவரின் ஒழுகல் கூடியது, அங்கே வாழும் நுண்ணுயிர்களின் சேர்க்கையும் மாறியது.

நுரையீரலும் குடலும் பிறப்பிலேயே உறவு. கரு நான்கு வாரமாக இருக்கும்போது, குடலாகப் போகும் குழாயின் முன்பகுதியில் ஒரு மொட்டு தோன்றுகிறது. அந்த மொட்டுதான் கிளைத்துக் கிளைத்து நுரையீரலாகிறது. இரண்டின் உட்பூச்சும் ஒரே அடுக்கிலிருந்து வந்தது. இரண்டும் வெளியுலகை நேரே தொடும் ஈரமான பரப்புகள். ஒன்றில் பயிற்சி பெற்ற நோயெதிர்ப்புச் செல்கள் ரத்தத்தில் ஏறி மற்றொன்றுக்குக் காவலுக்குப் போகின்றன. இந்தப் போக்குவரத்தைக் குடல்–நுரையீரல் அச்சு என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நம் ஊரில் டிபி வார்டு பார்த்த டாக்டர்களுக்கு இந்த அச்சு எப்போதோ தெரியும்.

ராயபுரத்துக்கு மேற்கே ஸ்டான்லி மருத்துவமனை. 1780-களின் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியகாரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது என்பதால், வட சென்னைப் பெரியவர்கள் வாயில் அது இன்னமும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரிதான். டிபி நோயாளிக்கு வயிற்றுவலி வந்தால் சந்தேகப்பட வேண்டிய இடத்தை இங்குள்ள பயிற்சி டாக்டர்கூடத் தொட்டுக் காட்டுவார். வலது அடிவயிறு. சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் மூலை. நுரையீரலில் குழி விழுந்த நோயாளியின் சளியில் கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கும். அந்தச் சளி விழுங்கப்படுகிறது. உணவு தேங்கி நின்று மெதுவாக நகரும் இடம் இந்த மூலை, நிணநீர்த் திசு அடர்ந்திருப்பதும் இங்கேதான். கிருமி இறங்குவதற்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. டிபி மருந்துகள் வருவதற்கு முன்பு, முற்றிய நுரையீரல் காசநோயில் இறந்தவர்களைப் பிரேதப் பரிசோதனை செய்தபோது பாதிக்கும் மேற்பட்டவர்களின் குடலில் புண் இருந்தது.

அந்தப் புண்ணின் வடிவத்தைக் கவனிக்க வேண்டும். குடல் சுவரில் நிணநீர்க் குழாய்கள் குறுக்காக, குடலைச் சுற்றி வளைத்து ஓடுகின்றன. கிருமி அந்தத் தடத்திலேயே பரவுவதால் புண்ணும் குடலைச் சுற்றி வளையமாக உண்டாகிறது. இனி மருந்து கொடுத்துக் கிருமியைக் கொல்கிறோம். புண் ஆறுகிறது. ஆறினால் தழும்பு, தழும்பு என்றால் சுருக்கம். சுற்றிலும் ஆறிய வளையம் உள்நோக்கிச் சுருங்கும்போது, இரண்டு விரல் நுழையக்கூடிய குடல் பென்சில் நுழையாத அளவுக்குக் குறுகிவிடுகிறது. நோய் குணமான பிறகு வயிறு அடைத்துக்கொண்டு அறுவை அரங்குக்கு வருகிறவர்கள் இப்படித்தான் வருகிறார்கள். வெட்டி எடுத்த துண்டைத் திறந்து பார்த்தால், குறுகிய இடத்துக்கு முன்னால் உள்ள குடல் சுவர் தடித்திருக்கும். அடைப்பை மீறி உணவைத் தள்ளித் தள்ளி அங்கே தசை பருத்துப்போயிருக்கும். நுரையீரலில் தொடங்கிய ஒரு நோய் குடலின் தசை, உட்பூச்சு, விட்டம் மூன்றையும் மாற்றிவிட்டது. இது எலியில் பார்த்த சோதனை முடிவு அல்ல. அன்றாடம் கையில் பிடித்துப் பார்க்கும் உண்மை.

டிபியின் கதையில் ஒரு கிருமி பயணம் செய்கிறது. கிருமியே இல்லாமல், தழும்பு மட்டுமே குடலைத் தொடுமா? தொடும். அதற்குப் பெரிய பாதை ஆக்சிஜன்.

நுரையீரலின் காற்றுப்பைக்கும் ரத்தத்துக்கும் நடுவே உள்ள சுவரின் தடிமன், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆக்சிஜன் அதைக் கடக்கக் கிடைக்கும் நேரமோ, அதை ஒட்டிய தந்துகியில் ரத்தம் ஓடும் முக்கால் நொடி. நல்ல நுரையீரலுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கே போதும். மீதி எல்லாம் உபரி. தழும்பு விழுந்த சுவர் இந்த உபரியைத் தின்றுவிடுகிறது. உட்கார்ந்திருக்கும் நோயாளியின் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினால் 96 காட்டும். பரவாயில்லையே என்று தோன்றும். அவரையே குடிசை மாற்று வாரிய வீட்டின் மூன்றாவது மாடிக்கு ஏறச் சொல்லுங்கள். நடக்கும்போது இதயம் விரைவதால் ரத்தம் தந்துகியைக் கடக்கும் நேரம் கால் நொடிக்கு அருகே வந்துவிடுகிறது. தடித்த சுவரைக் கடக்க அது போதாது. இரண்டாவது மாடியில் 90, மூன்றாவதில் 86 என்று எண் இறங்கும். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் தண்ணீர்க் குடம் தூக்கும் பெண்ணுக்கு இது ஒரு நாளில் எத்தனை முறை நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த நேரத்தில் குடலில் என்ன நடக்கிறது? சும்மா இருக்கும்போது இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வயிற்று உறுப்புகளுக்குப் போகிறது. படி ஏறும்போது கால் தசைகள் கேட்கின்றன, உடல் குடலின் பங்கைக் குறைத்துக் காலுக்குக் கொடுக்கிறது. ஆகவே குடலுக்கு வரும் ரத்தமும் குறைவு, வந்த ரத்தத்தில் ஆக்சிஜனும் குறைவு.

சிறுகுடலின் உட்சுவர் முழுக்கக் குடல் உறிஞ்சிகள் மயிரிழைகளாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் உயரமும் அரை முதல் ஒரு மில்லிமீட்டர். இவை இருப்பதால்தான் ஒரு குழாய்க்குள் சுமார் 30 சதுர மீட்டர் பரப்பு அடங்கியிருக்கிறது. ஒவ்வோர் உறிஞ்சியின் நடுவிலும் ஒரு நுண்தமனி மேலே ஏறுகிறது, பக்கத்திலேயே சிரை கீழே இறங்குகிறது. இரண்டும் ஒட்டி ஓடுவதால், ஏறும் ஆக்சிஜனில் ஒரு பகுதி உச்சிக்குப் போகாமலே இறங்கும் ரத்தத்துக்குத் தாவிவிடுகிறது. உறிஞ்சியின் உச்சி கடைமடை வயல் மாதிரி. மேட்டூரில் தண்ணீர் நிறைந்திருக்கும் ஆண்டிலேயே அங்கே வாய்க்கால் மெல்லியதாகத்தான் ஓடும். மேட்டூரிலேயே குறைந்தால் முதலில் காய்வது அதுதான்.

காய்ந்தால் என்ன ஆகும்? குடலின் உட்பூச்சுச் செல்களுக்கு ஆயுள் மூன்று முதல் ஐந்து நாட்கள். அடியில் உள்ள குழிகளில் பிறந்து, மேலே ஏறி முதிர்ந்து, உச்சியில் உதிர்கின்றன. பிறப்பும் உதிர்வும் சமமாக இருக்கும்வரை உறிஞ்சியின் உயரம் மாறாது. உச்சியில் உதிர்வு மிஞ்சினால் உறிஞ்சி குட்டையாகிறது. ஈடுகட்ட அடியில் உள்ள குழி ஆழமாகிறது. நுண்ணோக்கியில் பார்க்கும் நிபுணர் இந்த இரண்டின் விகிதத்தைத்தான் முதலில் அளப்பார். பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி முதிர்ந்த செல்களில்தான் அதிகம், அதாவது உறிஞ்சியின் மேல்பகுதியில். உறிஞ்சி குட்டையானால் முதலில் ஒத்துக்கொள்ளாமல் போவது பால். டீ குடித்தாலே வயிறு உப்புகிறது என்று சொல்லும் பழைய நெஞ்சு நோயாளியின் பேச்சைக் காதில் வாங்காமல் தள்ளிவிடக் கூடாது.

ஆக்சிஜன் குறைவதைச் செல்கள் எப்படி உணர்கின்றன என்பதைக் கண்டுபிடித்ததற்காக வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்ஸா ஆகிய மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. எச்ஐஎஃப் என்ற புரதக் குடும்பம்தான் அந்த உணர்வுக் கருவி. குடலின் உட்பூச்சு எப்போதும் கொஞ்சம் மூச்சுத் திணறலிலேயே வாழ்வதால் இந்தப் புரதத்துக்கு அங்கே ஓயாத வேலை. அளவோடு கிளர்ந்தால் குடல் சுவரைக் காக்கும், நாள்பட்டுக் கிளர்ந்துகொண்டே இருந்தால் அதுவே அழற்சியைத் தூண்டும். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட சோதனையில், எலிகளுக்கு நெடுநாள் சிகரெட் புகை கொடுத்தார்கள். நுரையீரல் கெட்டு உடல் முழுக்க ஆக்சிஜன் குறைந்தது, அதன் விளைவாகக் குடலின் கட்டமைப்பு மாறியது, சுவர் ஒழுகத் தொடங்கியது. நெதர்லாந்தில் மனிதர்களிடமும் இதன் சாயலைப் பார்த்திருக்கிறார்கள். நாள்பட்ட மூச்சடைப்பு உள்ளவர்களைத் துணி மடிப்பது, சாமான் அடுக்குவது போன்ற வீட்டு வேலைகளைச் செய்யவைத்து அளந்தபோது அவர்களின் குடல் ஒழுகல் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. ஓட்டப்பந்தயம் வேண்டியதில்லை, வீட்டு வேலையே போதும்.

குடல் சுவரில் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே இறுக்கமான பூட்டுகள் உண்டு. அவை தளர்ந்தால் நுண்ணுயிர்களின் உடைந்த துண்டுகள் ரத்தத்தில் நுழைகின்றன. அவை முதலில் ஈரலுக்கும், அங்கே தப்பியவை நேராக நுரையீரலுக்கும் போய்ச் சேரும். ஏற்கெனவே புண்பட்ட நுரையீரலுக்கு இது இன்னொரு தூண்டுதல். நுரையீரல் குடலைக் கெடுக்க, குடல் நுரையீரலைக் கெடுக்க, வட்டம் சுற்றத் தொடங்குகிறது.

இரண்டாவது பாதை குழாய்களின் அழுத்தம். உடலில் மற்ற எல்லா இடத்திலும் ஆக்சிஜன் குறைந்தால் ரத்தக்குழாய் விரியும். நுரையீரலில் மட்டும் சுருங்கும். ஆய்லர், லில்யெஸ்ட்ராண்ட் என்ற இரண்டு ஸ்வீடன் உடலியலாளர்கள் 1946-இல் பூனைகளில் இதைக் காட்டினார்கள். கெட்ட காற்றுப்பைக்குப் போகும் ரத்தத்தைத் தடுத்து நல்ல பைக்குத் திருப்பிவிடுகிற அருமையான ஏற்பாடு. ஆனால் நுரையீரல் முழுக்கக் கெட்டுவிட்டால் எல்லாக் குழாய்களும் சேர்ந்து சுருங்குகின்றன. தழும்பு சில குழாய்களை அடியோடு அழித்தும்விடுகிறது. மிஞ்சிய குழாய்களுக்குள் ரத்தத்தைத் தள்ளும் வேலை இதயத்தின் வலப்பக்கத்துக்கு. ஆண்டுக்கணக்கில் தள்ளிக் களைத்த வலது இதயத்தின் பின்னால் ரத்தம் தேங்குகிறது. கால் வீங்குவது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழும், மெல்லத்தான் நிரம்பும். அதே வீக்கம் ஈரலிலும் குடல் சுவரிலும் இருக்கிறது. அங்கே விரல் வைக்க முடியாது, அவ்வளவுதான். பெர்லின் சாரிட்டே மருத்துவமனை ஆய்வாளர்கள் 2007-இல் இதயச் செயலிழப்பு நோயாளிகளின் குடலை ஸ்கேன் செய்தபோது சுவர் தடித்திருந்தது, ஒழுகலும் கூடியிருந்தது. வீங்கிய சுவர் வழியே சத்து உள்ளே போவது குறைகிறது. சில சமயம் ரத்தத்திலிருந்து புரதம் குடலுக்குள் கசிந்து வீணாகிறது. “ரெண்டு வாய் துன்னாலே வயிறு ஃபுல்லாயிடுது சார்” என்று புறநோயாளிப் பிரிவில் சொல்கிறவருக்கு, வாயில் குறையில்லை, மனதிலும் குறையில்லை. ஈரலும் குடலும் வீங்கியிருக்கின்றன.

மூன்றாவது பாதை ரத்தத்தில் கரைந்து வரும் செய்திகள். தழும்பு உருவாகும் நுரையீரல் அழற்சிப் புரதங்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. அவை குடலின் பூட்டுகளைத் தளர்த்தும், பசியையும் அடக்கும். இதைப் பிரித்துப் பார்க்க எலிகள்தான் உதவின. பிளியோமைசின் என்பது புற்றுநோய் மருந்து. அதன் பக்கவிளைவு நுரையீரல் தழும்பு. ஆகவே சோதனைச்சாலையில் தழும்பை உண்டாக்க அதையே மூச்சுக்குழாயில் விடுகிறார்கள். மருந்து நேரடியாகக் குடலைத் தாக்கியிருக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. சீன ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட சோதனையில் ஒரு கூட்டத்துக்கு பிளியோமைசினும் இன்னொன்றுக்கு சிலிகாத் தூசும் கொடுத்தார்கள். காரணம் வெவ்வேறாக இருந்தும், குடல் நுண்ணுயிர்களிலும் அவை உண்டாக்கும் பொருட்களிலும் இரண்டுக்கும் பொதுவான மாற்றங்கள் தெரிந்தன. தூசையும் மருந்தையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது தழும்புதான். எலி மனிதனாகிவிடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தழும்பு தானே குடலை மாற்றுகிறது என்பதற்கு மேலே சொன்ன மூன்று பாதைகளில் மனிதச் சான்று வலுவாக இருப்பது அழுத்தத்துக்கு. ஆக்சிஜனுக்கு ஓரளவு. செய்திப் புரதங்களுக்கும் நுண்ணுயிர்களுக்கும் இன்னும் பெரும்பாலும் எலிகள்தான் சாட்சி.

கல் உடைப்பவர்களுக்கு இன்னொரு கொடுமையும் உண்டு. எடின்பரோவின் கல்தச்சர்களிடம் தோல் இறுகும் ஸ்க்லீரோடெர்மா நோய் கூடுதலாக இருப்பதை பிராம்வெல் என்ற மருத்துவர் 1914-இல் கவனித்தார். 1957-இல் எராஸ்மஸ் அதையே தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் பார்த்தார். சிலிகாத் தூசு நோயெதிர்ப்பைத் தடம் புரளச் செய்கிறது. இந்த நோயில் நுரையீரலும் குடலும் தனித்தனியே, ஒரே காலத்தில் தழும்பேறுகின்றன. குடலின் தசை தேய்ந்து அந்த இடத்தில் நார் நிரம்புகிறது, குடல் தளர்ந்து அசைவற்று விரிந்து கிடக்கிறது. வார்ப்படப் பட்டறைத் தொழிலாளி மூச்சிரைப்போடு மலச்சிக்கலும் உப்புசமும் சொன்னால் அவருடைய விரல்களின் தோலையும் ஒருமுறை தொட்டுப் பார்ப்பது நல்லது.

இத்தனையும் ஆரோக்கியமான குடலின் மேல் வந்து விழுவதாக எடுத்துக்கொண்டு பேசினோம். வட சென்னையின் ஏழை வீட்டில் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கர், வி. ஐ. மாதன் முதலானோர் 1960-களிலிருந்து தென்னிந்திய கிராமத்து மக்களின் சிறுகுடல் துணுக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். நோயே இல்லை என்று சொன்னவர்களிடமும் குடல் உறிஞ்சிகள் மேலைநாட்டுப் பாடநூல் காட்டும் விரல் வடிவில் இல்லை. அகன்று இலை வடிவிலும் வரப்பு வடிவிலும் குட்டையாக நின்றன. அசுத்தமான தண்ணீரும் அடிக்கடி வரும் தொற்றும் சிறு வயதிலிருந்தே செய்த வேலை அது. லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை போட்டும், குழாயில் சாக்கடை கலந்து வந்தும் வளர்ந்த ஒருவருக்குக் குடலில் உபரியே கிடையாது. நுரையீரலிலும் உபரி போனபின் அவர் எதை வைத்துத் தாங்குவார்? இந்தத் தழும்பைப் பற்றிய மேலைநாட்டுக் கட்டுரைகளில் இந்தக் கேள்வி வருவதில்லை. அங்கே அது தேவைப்படவில்லை, இங்கே அதுதான் முதல் கேள்வி.

மருந்துகளைப் பற்றி இரண்டு வரி. காரணம் தெரியாத தழும்பு நோயின் வேகத்தைக் குறைக்க இன்று முக்கியமாக இரண்டு மாத்திரைகள் உள்ளன. நின்டெடானிப் சாப்பிட்டவர்களில் ஏறக்குறைய அறுபது சதவீதம் பேருக்கு வயிற்றுப்போக்கு வந்ததை 2014-இல் வெளியான சோதனைகள் காட்டின. பிர்ஃபெனிடோன் குமட்டலைத் தரும், பசியைக் குறைக்கும். நுரையீரலுக்குக் கொடுக்கும் மருந்தின் செலவும் குடலின் கணக்கில்தான் எழுதப்படுகிறது.

இனி, சத்து உள்ளே போகாதபோது குறையும் எடைக்கு வருவோம். சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், மருந்தைச் சரியாகச் சாப்பிட்டால் குடிசையில் இருந்தபடியே, போதாத சாப்பாட்டிலேயே டிபி குணமாகும் என்று 1959-இல் காட்டியது. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதில் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு. அது பெருமைப்பட வேண்டிய ஆய்வு. ஆனால் அதிலிருந்து உலகம் வசதியாக ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டது. மாத்திரை இருந்தால் போதும், சாப்பாடு இரண்டாம் பட்சம். கிருமி போய்விட்டதா என்பது மட்டும் அளவுகோலானால் அது சரி. ஆள் நடமாடுகிறாரா, வேலைக்குப் போகிறாரா, உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டால் சரியில்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து, ஜார்க்கண்டில் டிபி குடும்பங்களுக்கு உணவுப் பொருள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-இல் வெளியானது. சேத்துப்பட்டு நிறுவனமும் அதில் பங்கெடுத்தது. சாப்பாடு கிடைத்த குடும்பங்களில் புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது.

தமிழ்நாடு 2022-இல் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைத் தொடங்கியது. புதிதாக டிபி கண்டறியப்பட்டவரிடம் ஆரம்பச் சுகாதார நிலைய ஊழியரே சில விஷயங்களைப் பார்க்கிறார். எடையையும் உயரத்தையும் அளக்கிறார், காலில் வீக்கம் உண்டா என்று அழுத்திப் பார்க்கிறார், மூச்சை எண்ணுகிறார், விரலில் ஆக்சிமீட்டர் மாட்டுகிறார், பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று கேட்கிறார். உடல் நிறைக் குறியீடு 14 அல்லது அதற்குக் கீழே, அல்லது கால் வீக்கத்தோடு 16 வரை, அல்லது ஆக்சிஜன் 94-க்குக் கீழே இருந்தால் உடனே மருத்துவமனையில் சேர்க்கச் சொல்கிறது திட்டம். டிபி இறப்பைக் குறைக்க வகுத்த பட்டியல் அது, குடலை மனதில் வைத்து எழுதியதல்ல. ஆனாலும் ஆக்சிஜன், வீக்கம், எடை என்று இந்த அத்தியாயத்தில் நாம் நடந்து வந்த பாதைகளின் வாசலில்தான் அது ஆள் நிறுத்தியிருக்கிறது. எக்ஸ்ரே இயந்திரமோ எண்டோஸ்கோப்பியோ வேண்டாம். எடைக் கருவி, ஒரு கட்டைவிரல், சில நூறு ரூபாய் ஆக்சிமீட்டர் போதும்.

குறை ஒன்று உண்டு. இந்தச் சோதனை டிபி கண்டறியப்படும் நாளுக்கானது. ஆறு மாத மருந்து முடிந்து, “சரியாயிடுச்சு” என்று அட்டையில் எழுதி அனுப்பப்பட்ட பிறகு, தழும்போடு வாழப்போகிற முப்பது ஆண்டுகளுக்கு அது இல்லை. பட்டறையில் சிலிகாத் தூசு தின்ற தொழிலாளிக்கும் அது இல்லை. அவர்களுக்கு நெஞ்சுப் படம் எடுக்கிறார்கள், ஊதச் சொல்லி அளக்கிறார்கள், இன்ஹேலர் தருகிறார்கள். எடைத் தட்டில் ஏறச் சொல்லிப் போன முறையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் குறைவு. ராயபுரம் முதல் அத்திப்பட்டு வரை நெஞ்சு நோய்க்குச் சீட்டு எழுதும் ஒவ்வோர் இடத்திலும் அந்த ஐந்து நிமிடச் சோதனையை ஆண்டுக்கு இரண்டு முறையாவது செய்ய வேண்டும். அதற்குப் புதுக் கட்டடமோ புது இயந்திரமோ தேவையில்லை.

உங்கள் வீட்டில் நெஞ்சில் பழைய தழும்பு உள்ள ஒருவர் இருந்தால், அவருடைய எடையை மாதம் ஒருமுறை காலண்டரில் குறித்து வையுங்கள். ஆறு மாதத்தில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால், அதாவது 50 கிலோ 47 ஆகியிருந்தால், வயசு என்றோ கவலை என்றோ விட்டுவிடாதீர்கள். கால் வீக்கம், இரண்டு வாயில் நிரம்பும் வயிறு, பால் ஒத்துக்கொள்ளாமை, அடிக்கடி வலது அடிவயிற்றில் வலி, இவற்றில் எது இருந்தாலும் சேர்த்துச் சொல்லுங்கள். நெஞ்சு டாக்டரிடம் வயிற்றைப் பற்றிப் பேசக் கூச வேண்டாம்.